பரோக் கால ராஜா மெடலைப் படிக்கிறது எப்படி: முழுமையான வழிகாட்டி

மியூசியம் கண்ணாடிப் பெட்டியிலயோ ஆன்லைன் கலெக்‌ஷன்லயோ 17ஆம் நூற்றாண்டு மெடல் ஒண்ணப் (பரோக்னு சொல்ற கலைக் காலம் அது; மெடல்னா இங்க பெரிய காசு மாதிரி ரெண்டு பக்கமும் உருவம் போட்ட நினைவுப் பொருள்) பார்த்துட்டு "யாரோ ஒரு ராஜா, பின்னாடி ஏதோ ஒரு தேவதை"ன்னு நகர்ந்து போயிடறவங்களுக்காக இத எழுதறேன். சில வருஷமா மெடல்களுக்கு கேட்டலாக் கார்டு எழுதற வேலையில இருக்கேன், புதுசா வர்றவங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கேன், கிட்டத்தட்ட எல்லாரும் தடுக்கி விழற இடம் ஒண்ணுதான்: எடுத்த உடனே முகத்தப் பார்க்கறாங்க. ஆனா நம்மள நம்ப வைக்கணும்னே செஞ்ச பகுதி அந்த முகம்தான். முதல்ல அதைப் பார்த்துட்டா மெடல் என்ன சொல்லணும்னு நினைக்குதோ அதையே நாமளும் கார்டுல எழுதி வச்சுடுவோம். அதனால இந்த வழிகாட்டியில முகம் அஞ்சாவது படியிலதான் வரும், ஏன்னு போகப்போக புரியும்.

1. உட்காரறதுக்கு முன்னாடி எடுத்து வைக்க வேண்டியவை

மெடல் நேர்ல கையில கிடைக்குதுன்னா: நைட்ரைல் கையுறை, மெத்துனு துணி விரிச்ச ட்ரே, 10 மடங்கு பெரிசா காட்டற லென்ஸ், மில்லிமீட்டர் அளக்க காலிப்பர் (பிளாஸ்டிக்கா இருந்தா நல்லது, இரும்பு கீறிடும்), 0.1 கிராம் வரைக்கும் காட்டற தராசு, ஒரு சின்ன டார்ச். வெறும் கையில தொடாதீங்க, வியர்வையில இருக்கற உப்பு வெண்கலத்துல ரேகையாவே பதிஞ்சு நின்னுடும், அப்புறம் எடுக்க முடியாது.

இன்னொண்ணு, இத ரொம்ப அழுத்தி சொல்றேன்: பாலிஷ் போடாதீங்க. வீட்டுல பித்தளை விளக்கு தேய்ச்ச பழக்கத்துல கை தானா துணிய எடுத்துடும். அந்தப் பழுப்பு நிறம் அழுக்கு இல்ல, அது மெடலோட தோல், பல நேரம் செஞ்சவரே கொடுத்த நிறம். அது போச்சுன்னா வயசு சொல்ற சாட்சியும் சேர்ந்து போச்சு.

ஆன்லைன்ல பார்க்கறீங்கன்னா ரெண்டு பக்கப் படமும், முடிஞ்சா விளிம்புப் படமும் வேணும். பிரிட்டிஷ் மியூசியம், நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம், வாஷிங்டன் நேஷனல் கேலரி மூணுலயும் பரோக் மெடல் படங்கள் நிறைய இருக்கு, பாரிஸ் தேசிய நூலகத்தோட மெடல் பிரிவையும் இணையத்துல பார்க்கலாம். ஒரு பக்கப் படம் மட்டும் வச்சு வேலைய ஆரம்பிக்காதீங்க, பாதி வாக்கியத்தக் கேட்டுட்டு பதில் சொல்ற மாதிரி ஆயிடும்.

லத்தீன் தெரியணுமான்னு எல்லாரும் கேப்பாங்க. இலக்கணம் தேவையில்ல, ஒரு 30, 40 சுருக்கெழுத்து தெரிஞ்சாப் போதும், மிச்சத்துக்கு அகராதி இருக்கு.

2. அளவு, எடை, விளிம்பு

முதல்ல குறுக்களவு, அடுத்து எடை, அப்புறம் விளிம்பு. சலிப்பா இருக்கும், புதுசா வர்றவங்க இதத்தான் தாண்டிப் போவாங்க, ஆனா அசலா நகலான்னு தீர்மானிக்கறதுல பாதி இங்கயே முடிஞ்சுடும்.

காரணம் இதுதான். வெண்கலம் உருகி ஆறும்போது சுருங்கும், 100 பங்குக்கு 1 முதல் 2 பங்கு. ஒரு அசல் மெடலையே அச்சா வச்சு இன்னொண்ணு வார்த்தா அந்த ரெண்டாவது கொஞ்சம் சின்னதா வரும், எழுத்து ஓரமெல்லாம் சோப்பு கரைஞ்ச மாதிரி மழுங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், காலிப்பருக்குத் தெரியும். தெரிஞ்ச அசல் 70 மில்லிமீட்டர்னா உங்க கையில இருக்கறது 69க்கும் கீழ இருந்தா அங்கயே ஒரு கேள்விக்குறி போட்டு வைங்க.

விளிம்பச் சுத்தி லென்ஸ் வச்சுப் பாருங்க. அரம் போட்ட கோடுகள், பொடிப்பொடி குழிகள் இருந்தா வார்ப்பா இருக்க வாய்ப்பு அதிகம். விளிம்பு நடுவுல சுத்தி ஒரு ஒட்டுக் கோடு ஓடுதா, அளவுக்கு ஏத்த எடை இல்லையா, அப்போ அது 19ஆம் நூற்றாண்டுல மின்சார முறையில செஞ்ச நகலா இருக்கலாம், மியூசியங்களே படிப்புக்காக அந்த மாதிரி நிறைய செஞ்சு வச்சாங்க.

பிரெஞ்சு மெடலா இருந்தா விளிம்புல குட்டியா ஒரு முத்திரை இருக்கான்னு தேடுங்க. பாரிஸ் நாணயச்சாலை 1832ல இருந்து விளிம்புல அடையாளம் குத்த ஆரம்பிச்சுது: முதல்ல விளக்கு, அப்புறம் நங்கூரம், கப்பல் முகப்பு, 1845 முதல் 1860 வரைக்கும் சுட்டுற கை, 1860 முதல் 1879 வரைக்கும் தேனீ, 1880ல இருந்து பழமும் பூவும் நிறைஞ்ச கொம்பு. மெடல் மேல 1672னு போட்டிருக்கும், விளிம்புல தேனீ இருக்கும். அப்போ அது பிரான்ஸ் ராஜா 14ஆம் லூயி காலத்துப் பொருள் இல்ல, பழைய அச்சுலயோ அத வச்சுத் திரும்ப வெட்டின அச்சுலயோ பின்னாடி அடிச்சது. படிக்கறதுக்கு அது தாராளமாப் போதும், ஆனா கார்டுல அடிச்ச காலம்னு தனியா எழுதணும். நல்லா லத்தீன் தெரிஞ்ச ஒருத்தர் ரெண்டு நாள் உட்கார்ந்து ஒரு மெடலுக்கு விளக்கம் எழுதி முடிச்சப்புறம் விளிம்புல தேனீயப் பார்த்து முகம் வாடிப்போனத நான் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன், அதுக்கப்புறம் தான் விளிம்பு ரெண்டாவது படியாச்சு.

3. வார்த்ததா, அச்சடிச்சதா

டார்ச்ச பக்கவாட்டுல, மெடலோட தரையோட தரையா ஒளி விழற மாதிரி பிடிங்க. நேரா மேல இருந்து அடிச்சா எல்லாம் தட்டையாத் தெரியும்.

வார்ப்பு மெடல்ல பின்புலம் லேசா மேடு பள்ளமா இருக்கும், உருவம் உயரமா எழும்பி நிக்கும், அளவும் பெரிசா இருக்கும். அச்சடிச்சதுல பின்புலம் வழவழன்னு சமமா, எழுத்து கத்தியால வெட்டின மாதிரி கூர்மையா இருக்கும்.

இது ஏன் அரசியல் கேள்வின்னா, வார்ப்பு மெதுவான வேலை, கொஞ்சம் பேருக்குத்தான் செய்ய முடியும், நெருக்கமானவங்களுக்கான பரிசு அது. திருகு அழுத்தம் வச்சு அச்சடிக்கற மெஷின் வந்ததும் ஒரே முகத்த நூத்துக்கணக்குல, ஒரே அளவுல, ஒரே தரத்துல போட முடிஞ்சுது. 14ஆம் லூயியோட ஆட்சிய சொல்ற மெடல் வரிசைய கடைசியில எல்லாமே 41 மில்லிமீட்டர்னு ஒரே அளவுக்குக் கொண்டு வந்தாங்க. ட்ராயர்ல வரிசையா அடுக்கினா ஒரு ஆட்சியே ஒரு புத்தகம் மாதிரி நிக்கும், அந்த ஒழுங்கே ஒரு அரசியல் பேச்சுதான். எந்த முறையில செஞ்சிருக்குன்னு தெரிஞ்சாத்தான் எத்தனை பேர் பார்த்திருப்பாங்கன்னு பேச முடியும்.

4. முன்பக்க எழுத்து

ரோமன் எழுத்துல யு-வுக்குப் பதிலா வி போட்டிருக்கும், அத முதல்ல மனசுல வச்சுக்கங்க. எழுத்து பெரும்பாலும் இடது கீழ்ப்பக்கத்துல இருந்து கடிகாரம் சுத்தற மாதிரி ஓடும்.

அடிக்கடி வர்ற சுருக்கங்கள்: டி ஜி, "கடவுள் அருளால்". பி எம், போன்டிஃபெக்ஸ் மாக்ஸிமுஸ், போப்போட பட்டம். ஏ என் அப்புறம் ஒரு எண், ஆட்சி வருஷம். எஃப் டி, "விசுவாசத்தின் காவலர்", இங்கிலாந்து ராஜா. ரெக்ஸ் கிறிஸ்டியானிஸ்ஸிமுஸ், "மிகக் கிறிஸ்தவ ராஜா", பிரான்ஸ். தோள்பட்டைக்குக் கீழ தம்மாத்தூண்டா ஒரு பேரும் கடைசியில எஃப் எழுத்தும் இருந்தா அது செஞ்சவரோட கையெழுத்து, எஃப்னா "செய்தார்".

ஒரு பழைய தவறு: லூயி மெடல்ல பதினாலுக்கு எக்ஸ், அப்புறம் நாலு ஐ போட்டிருக்கும், நாம பள்ளிக்கூடத்துல படிச்ச எக்ஸ் ஐ வி இருக்காது. அதப் பார்த்துட்டு "எழுத்துப் பிழை, போலி"ன்னு சிலர் ஒதுக்கி வச்சுடறாங்க. அப்போ அப்படித்தான் எழுதினாங்க.

பட்டம் எப்போ மாறுதுன்னும் பாருங்க. பாரிஸ் நகரம் 1680ல லூயிக்கு "மகா"ங்கற பட்டம் கொடுத்துச்சு. லுடோவிகுஸ் மாக்னுஸ்னு எழுத்து இருந்து, மெடல்ல தேதி 1660கள்ல இருந்துச்சுன்னா நின்னு யோசிக்கணும், பெரும்பாலும் அந்த மெடல் பின்னாடி செஞ்சதா இருக்கும்.

5. இப்போ முகம்

வரிசையா நாலு விஷயம் எழுதிக்கங்க: எந்தப் பக்கம் பார்க்குது, தலையில என்ன, உடம்புல என்ன, எங்க வெட்டி முடிச்சிருக்கு. அழகா இருக்காரா, கம்பீரமா இருக்காரான்னு எழுதாதீங்க, அது ஒண்ணும் சொல்லாது.

பக்கவாட்டு முகம்னா ரோமப் பேரரசர் காசு ஞாபகத்துக்கு வரணும்னுதான். லாரல் இலை மாலை, வெற்றி. ரோமக் கவசம், "நான் சீசர் வரிசை". லூயி மெடல்கள்ல அந்த ரோமக் கவசத்துக்கு மேல அந்தக் காலத்து நீளமான சுருள் முடி விழுந்து கிடக்கும், ரெண்டு காலம் ஒரே உடம்புல. புதுசா வர்றவங்க இது பொருந்தலையேன்னு குழம்புவாங்க, ஆனா சொல்ல வந்ததே அதுதான்: பழைய ரோம் செத்துப் போகல, இப்போ பாரிஸ்ல இருக்குன்னு.

போப் மெடல்ல ரெண்டு வகை உடை. மூணு அடுக்கு கிரீடமும் வேலைப்பாடு போட்ட நீளமான மேலங்கியும்னா சடங்கு மேடையில நிக்கற போப். காதை மூடற குல்லாவும் தோளை மூடற சின்ன மேலாடையும்னா அன்றாடம் ஆட்சி நடத்தற போப். எது தேர்ந்தெடுத்திருக்காங்கன்னு குறிச்சு வைங்க, பின்பக்கம் திருப்பும்போது உதவும்.

முகம் இல்லாம இருந்திருக்கணும்னு முகத்துக்கு உரியவரே கேட்ட ஒரு கதையும் இருக்கு. 1650 செப்டம்பர் 3 ஸ்காட்லாந்துல நடந்த டன்பார் போர்ல இங்கிலாந்து பார்லிமென்ட்டோட படைத் தளபதி க்ராம்வெல் ஜெயிச்சார், பார்லிமென்ட் அதுக்கு ஒரு மெடல் கொடுக்க முடிவு பண்ணுச்சு, மெடல் செய்யற தாமஸ் சைமனை க்ராம்வெல்ல வரைய ஸ்காட்லாந்துக்கு அனுப்புனாங்க. க்ராம்வெல் 1651 பிப்ரவரில எடின்பரோல இருந்து கடிதம் போட்டார், ஒரு பக்கம் பார்லிமென்ட் இருக்கட்டும், இன்னொரு பக்கம் படை இருக்கட்டும், என் உருவத்த விட்டுடுங்கன்னு. ஆனா மெடல்ல அவர் மார்பளவு உருவம் வந்துச்சு, பின்னாடி போர் நடக்குது, பார்லிமென்ட் மறுபக்கம் போச்சு. ராஜாவ கொன்னுட்டு வந்த குடியரசுக்கும் வெற்றிய ஒரு முகத்துல நிறுத்தாம சொல்லத் தெரியலைங்கறது என்னோட எண்ணம், இந்த மெடலப் பார்க்கும்போதெல்லாம் அது எனக்கு வலிக்கவும் செய்யுது. ஒரு மெடல்ல முகம் இருக்குன்னா யார் அத அங்க வேணும்னு நினைச்சாங்கன்னு கேக்கற பழக்கம் எனக்கு இதுல இருந்து வந்துச்சு.

6. பின்பக்கம்: படத்த கூட்டிப் படிக்கிறது

இங்கதான் நேரம் எடுத்துக்கணும். முன்பக்கம் யார்னு சொல்லும், எதுக்காகன்னு சொல்றது பின்பக்கம்.

முதல்ல உருவங்கள எண்ணுங்க, அப்புறம் கையில என்ன வச்சிருக்குன்னு பாருங்க. கையில வேல் இருந்தா முருகன்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லையே, அதே முறைதான். இறக்கையும் மாலையும் வெற்றி. எக்காளம் புகழ். தராசு நீதி. பழம் கொட்டற கொம்பு வளம். சிங்கத் தோலும் கதாயுதமும் ஹெர்குலிஸ், பலம். தலைக்கவசம், ஈட்டி, கேடயத்தோட பொண்ணுன்னா மினெர்வா, அறிவும் போரும். சாய்ஞ்சு உட்கார்ந்த தாடிக்காரர் பக்கத்துல குடம் கவிழ்ந்து தண்ணி ஓடுதுன்னா அவர் ஒரு நதி. லில்லிப் பூ போட்ட மேலங்கியோட பொண்ணு பிரான்ஸ் நாடு. இந்தக் குறிகளுக்கு அப்போ செஞ்சவங்களே கையில வச்சிருந்த நூல் சேசரே ரிபாவோட இகோனோலோஜியா, 1593ல முதல்ல வந்துச்சு, 1603 பதிப்புல படமும் சேர்ந்துச்சு. அத ஒரு டேப்ல திறந்து வச்சுக்கங்க.

ஒரு மெடல முழுசா செஞ்சு பார்ப்போம். 1603, கியோம் டுப்ரே செஞ்ச வார்ப்பு, கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர். முன்பக்கம் பிரான்ஸ் ராஜா 4ஆம் ஹென்றியும் ராணி மரி தெ மெடிசியும் ஒருத்தர் மேல ஒருத்தர் பதிஞ்ச மாதிரி பக்கவாட்டு முகமா இருப்பாங்க. பின்பக்கம் திருப்புங்க. இடமும் வலமும் ரெண்டு பெரிய உருவம், வலது கை கோத்துட்டு நிக்கறாங்க. ஒருத்தர் மார்ஸ், போர்க் கடவுள், இன்னொருத்தர் மினெர்வா. கை கோக்கறது ரோமக் காசுல கல்யாணத்துக்கும் ஒற்றுமைக்கும் உள்ள குறி. நடுவுல துணியில்லாத ஒரு சின்னப் பையன், தனக்கு ரொம்பப் பெரிசான தலைக்கவசத்தத் தூக்கிப் போட்டுக்கப் பார்க்கறான், ஒரு கால் டால்ஃபின் மேல. மேல இருந்து ஒரு கழுகு கிரீடத்தோட இறங்குது. சுத்தி எழுதியிருக்கறது ப்ரொபாகோ இம்பெரி, ஆட்சியோட வழித்தோன்றல்.

இப்போ கூட்டுங்க. பிரெஞ்சுல டால்ஃபினுக்கும் பட்டத்து இளவரசனுக்கும் ஒரே சொல், தோஃபேன். கால் வைச்சதால பையன் யாருன்னு சொல்லியாச்சு, 1601 செப்டம்பர்ல பொறந்த லூயி, அப்போ அவனுக்கு ரெண்டு வயசுதான். ஹென்றிக்கு முதல் கல்யாணத்துல வாரிசு இல்ல, 1599ல அது ரத்தாச்சு, 1600ல மரிய கட்டினார். வாரிசு இல்லாம ராஜா செத்தா என்ன ஆகும்னு பிரான்ஸுக்கு நல்லாத் தெரியும், மதச் சண்டையில பல வருஷம் ரத்தம் சிந்தின நாடு அது. அப்போ இந்த மெடல் சொல்றது "நாங்க அழகான தம்பதி"ன்னு இல்ல, "வாரிசு இருக்கான், அடுத்த ஆட்சிக்குக் கேள்வியே வேண்டாம்"னு. கிரீடம் மேல இருந்து வருது, மனுஷக் கையால இல்ல, அதையும் கவனிங்க. 1610ல ஹென்றிய குத்திக் கொன்னப்போ அந்தப் பையன்தான் 13ஆம் லூயி, மரிதான் அவன் சார்பா ஆட்சிய நடத்தினா.

முகத்துல ஆரம்பிச்சிருந்தா இதுல ஒரு வரி கூட வந்திருக்காது.

பின்பக்கத்துல செய்யற தப்பு ரெண்டு அடிக்கடி பார்க்கறேன். ஒண்ணு, படத்துல பெரிசா இருக்கற உருவம்தான் ஆட்சியாளர்னு நினைக்கறது. 1659ல ரோம் சிற்பி பெர்னினி வரைஞ்சு கொடுத்து, ட்ராவானிங்கற மெடல் கலைஞர் செஞ்ச 7ஆம் அலெக்ஸாண்டர் போப் மெடல்ல பின்பக்கம் ஆண்ட்ரோக்ளஸும் சிங்கமும். கால்ல முள் எடுத்துவிட்டவர அரங்கத்துல அடையாளம் கண்டு காலடியில படுக்கற சிங்கம். புதுசா வர்றவங்க உடனே "சிங்கம் வலிமை, அப்போ சிங்கம் போப்"னு எழுதிடுவாங்க. தலைகீழ். நல்லது செஞ்சவர் போப், அதனால அவர்தான் ஆண்ட்ரோக்ளஸ். சுத்தி உள்ள எழுத்து "காட்டு விலங்குக்கும் நன்றி மறக்காது"ங்குது, நன்றி சொல்றவர்தான் சிங்கத்தோட இடத்துல.

இன்னொண்ணு, கட்டடத்த நம்பிடறது. அதே போப் 1657ல செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கத்துக்கு அடிக்கல் போட்டப்போ செஞ்ச மெடல்கள்ல ரெண்டு பக்கமும் கை மாதிரி வளைஞ்சு வர்ற தூண் வரிசைகளுக்கு முன்னாடி மூணாவதா ஒரு தூண் வரிசை இருக்கும். அது கட்டவே இல்ல. அடிக்கல் மெடல் கட்டடத்துக்கு முன்னாடியே பொறக்கற பொருள், அது வாக்குறுதி. அதப் பார்த்துட்டு "பின்னாடி இடிச்சுட்டாங்க போல"ன்னு எழுதின கார்டும் என் கைக்கு வந்திருக்கு.

7. பின்பக்க வாசகத்த படத்துக்கு எதிரா வச்சுப் படிங்க

படத்த முடிச்சப்புறம் தான் வாசகம். முதல்லயே வாசகத்த மொழிபெயர்த்துட்டா கண்ணு அதுக்கு ஏத்த மாதிரியே படத்தப் பார்க்கும், முரண் இருந்தாத் தெரியாது.

உதாரணம், ஸ்ட்ராஸ்பர்க். 1681 செப்டம்பர் 30 அந்த நகரம் சண்டையே இல்லாம லூயி படைக்குப் பணிஞ்சுது. மெடல் வாசகம் க்ளௌஸா ஜெர்மானிஸ் கல்லியா, "ஜெர்மானியர்களுக்கு பிரான்ஸ் அடைபட்டது". பாருங்க, நகரத்தப் பிடிச்சோம்னு ஒரு வார்த்தை இல்ல. அடுத்தவன் ஊர எடுத்துக்கிட்டத, சொந்த வீட்டுக் கதவ சாத்தின மாதிரி சொல்லியாச்சு. மூணே மூணு வார்த்தை, ஆனா அத உட்கார்ந்து தேடித் தேடி வச்சிருக்காங்க. 1663ல லூயியோட மந்திரி கோல்பேர் ஆரம்பிச்ச பெடிட் அகாடமிங்கற சின்னக் குழுவுக்கு இதுதான் வேலை, ரசீனும் பொவாலோவும் மாதிரி பெரிய எழுத்தாளர்களே பின்னாடி அதுல உட்கார்ந்து மெடலுக்கு வாசகம் விவாதிச்சாங்க. அதனால ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்துல "இதுக்குப் பதிலா எந்த வார்த்தை வந்திருக்கலாம்"னு ஒரு வரி எழுதிப் பாருங்க, விட்டுட்ட வார்த்தையிலதான் விஷயம் இருக்கும்.

வாசகம் பழைய கவிதையில இருந்து எடுத்ததான்னும் தேடணும். 1661 ஏப்ரல் 23 இங்கிலாந்துல 2ஆம் சார்லஸ் முடிசூட்டு விழா மெடல்ல இருக்கற வரி "கவிழ்ந்து கிடக்கற காலத்தத் தூக்கி நிறுத்த அனுப்பப்பட்டவர்"ங்கற மாதிரி வரும். அது பழைய ரோமக் கவிஞர் வர்ஜில் வரிய லேசா மாத்தினது, வர்ஜில் உள்நாட்டுச் சண்டையில நொறுங்கின ரோமுக்காக, பின்னாடி பேரரசர் அகஸ்டஸ் ஆன அந்த இளைஞன் கை கொடுக்கட்டும்னு வேண்டிக்கிட்ட இடம். படிச்சவனுக்கு மூல வரி ஞாபகம் வந்ததும் க்ராம்வெல் காலம் முழுக்க உள்நாட்டுச் சண்டைன்னு ஆயிடுது, சார்லஸ் அகஸ்டஸ் ஆயிடறார். இந்த மெடல செஞ்சதும் அதே தாமஸ் சைமன்தான், பத்து வருஷம் முன்னாடி டன்பார் மெடல செஞ்ச அதே கை.

8. கோட்டுக்குக் கீழ: தேதி

பின்பக்கத்துல அடியில ஒரு கோடு போட்டு அதுக்குக் கீழ சின்ன இடம் விட்டிருப்பாங்க, தேதி பெரும்பாலும் அங்க இருக்கும். எம் 1000, டி 500, சி 100, எல் 50, எக்ஸ் 10, வி 5, ஐ 1.

ரொம்ப முக்கியம்: அது நிகழ்ச்சி நடந்த தேதி, மெடல் செஞ்ச தேதின்னு நினைக்காதீங்க. லூயியோட 41 மில்லிமீட்டர் வரிசை அவர் 1638ல பொறந்ததுல இருந்து ஆரம்பிக்கும், ஆனா அந்த அச்சு வெட்டினது அந்த நூற்றாண்டு முடியற சமயம், பெரும்பங்கு ழான் மோழேங்கற அச்சு வெட்டுறவரோட வேலை. 1702ல அத எல்லாம் புத்தகமா போட்டப்போ 286 மெடல், அவர் இறந்தப்புறம் 1723ல வந்த பதிப்புல 318. வயசான ராஜா உட்கார்ந்து தன் குழந்தைப் பருவத்துல இருந்து எல்லாத்தையும் ஒரே குரல்ல திரும்ப சொல்ல வைக்கறார். 1638னு போட்ட மெடல 1638ஓட சாட்சின்னு எழுதினா, அந்த முயற்சி முழுசும் உங்க கார்டுலயும் ஜெயிச்சுடும்.

போப் மெடல்ல ஆட்சி வருஷம் மட்டும் இருந்தா கணக்குப் போடுங்க. 7ஆம் அலெக்ஸாண்டர் 1655 ஏப்ரல்ல தேர்வானார், அப்போ "மூணாவது வருஷம்"னா 1657 ஏப்ரல்ல இருந்து 1658 ஏப்ரல் வரைக்கும். நிறையப் பேர் 1655 கூட 3 கூட்டி 1658னு போட்டுடறாங்க. இங்கிலாந்து அப்போ பழைய நாட்காட்டியில இருந்துச்சு, மத்த நாட்டோட 10 நாள் வித்தியாசம், டன்பார் போர் நடந்த செப்டம்பர் 3 பாரிஸ்ல செப்டம்பர் 13.

9. யார் காசு கொடுத்தது, யார் கைக்குப் போச்சு

இந்தக் கேள்விய கார்டுல தனி வரியா வைங்க. மேல சொன்ன ஆண்ட்ரோக்ளஸ் மெடல போப் செய்யச் சொல்லல, டொமெனிகோ யாகோபாச்சிங்கறவர் போப்புக்காக செஞ்சது, அவர் பேரே மெடல்ல இருக்கு. ரோம்ல 1656ல கொள்ளைநோய் வந்தப்போ போப் எடுத்த நடவடிக்கைக்கு நன்றின்னு பொதுவா சொல்றாங்க. அப்போ அங்க பேசற குரல் அதிகாரத்தோடது இல்ல, அதிகாரத்துக்கு முன்னாடி நிக்கறவரோடது. ரெண்டும் ஒரே மாதிரிதான் பளபளக்கும், ஆனா ஒண்ணு இல்ல.

போன இடமும் அர்த்தத்த மாத்தும். தங்கத்துல செஞ்சு வெளிநாட்டுத் தூதர் கழுத்துல சங்கிலியோட போட்டா அது உறவு, கடன் மாதிரியும் கூட. டன்பார் மெடல சிப்பாய் வரைக்கும் கொடுக்கறதா முடிவாச்சு. சார்லஸ் முடிசூட்டு மெடல கூட்டத்துல வாரி எறிஞ்சாங்க, அந்தக் காலத்து லண்டன்ல டைரி எழுதிப் பேர் வாங்கின சாமுவேல் பெப்பீஸ் அன்னிக்கு அங்க இருந்தும் தனக்கு ஒண்ணும் கிடைக்கலைன்னு டைரில எழுதி வச்சிருக்கார். அடிக்கல் மெடல் மண்ணுக்குள்ள போச்சு, அத உயிரோட இருக்கற யாரும் பார்க்கப் போறதில்ல, பின்னாடி வர்ற காலத்துக்காக புதைச்சது.

10. எதிர்க்குரல் இருக்கான்னு தேடுங்க

ராஜா மெடல் எங்க இருக்கோ அங்க அதக் குத்தற மெடலும் இருக்கும். மெனெஸ்த்ரியேங்கற பிரெஞ்சு எழுத்தாளர் 1689ல லூயியோட மெடல்கள வச்சு ஒரு வரலாறு போட்டார், 1691ல அதத் திருட்டுத்தனமா டச்சுக்காரங்க திரும்பப் போட்டப்போ லூயிய கிண்டல் பண்ற மெடல் படங்கள் அஞ்சு பக்கம் சேர்த்துட்டாங்க. ஜெர்மனியில கோத்தா ஊர்ல கிறிஸ்டியன் வெர்முத்ங்கற மெடல் கலைஞர் கேலி மெடலா நிறைய அடிச்சு வித்தார். அதனால லூயி முகம் இருந்தா லூயியத் தூக்கிப் பேசுதுன்னு எடுத்துக்காதீங்க, பின்பக்கத்த முழுசா படிக்காம முடிவு சொல்லாதீங்க.

ஆட்சியே இல்லாதவங்களும் இத ஆயுதமா வச்சிருந்தாங்க. ஸ்வீடன் ராணி கிறிஸ்டினா 1654ல முடியத் துறந்து ரோம்ல குடியேறினா. அவளுக்கு செஞ்ச ஒரு மெடல்ல ஃபீனிக்ஸ் பறவை, மேல கிரேக்க எழுத்துல ஒரு சொல். கிரேக்க அகராதியில தேடினா கிடைக்காது, ஏன்னா அது கிரேக்க எழுத்துல எழுதின ஸ்வீடிஷ் சொல், மாகலோஸ், "ஈடில்லாதவள்". நாடு இல்ல, படை இல்ல, ஆனா மெடல் முகம் இன்னும் ராணிதான். வாசகம் புரியலைன்னா மொழிய மாத்திப் பாருங்கன்னு நான் சொல்றது இதனாலதான்.

11. ஓவியத்துக்குள்ள மெடல் வந்தா

பரோக் ஓவியத்துல யாராவது தங்கச் சங்கிலி போட்டிருந்தா அத நகைன்னு தாண்டிப் போகாதீங்க. சங்கிலி எங்க போய் முடியுதுன்னு கண்ணால பின்தொடருங்க, கை எங்க இருக்குன்னு பாருங்க, முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு பாருங்க. கார்டுல இந்த மூணையும் எழுதினப்புறம் தான் அது யார் கொடுத்ததுன்னு தேடணும்.

1633ல இங்கிலாந்து ராஜா 1ஆம் சார்லஸ் ஓவியர் ஆன்டனி வான் டைக்குக்கு சங்கிலியும் மெடலும் கொடுத்தார். சூரியகாந்தியோட இருக்கற தன் உருவப்படத்துல வான் டைக் ஒரு கையால அந்தப் பூவச் சுட்டறார், இன்னொரு கையால சங்கிலியத் தூக்கிக் காட்டறார். பூ சூரியன் பக்கம் திரும்பும், ஓவியன் ராஜா பக்கம்.

ரெம்ப்ராண்ட் 1653ல வரைஞ்ச அரிஸ்டாட்டில் படம் நியூயார்க் மெட்ரோபாலிடன்ல இருக்கு. வலது கை ஹோமர் சிலை தலை மேல, இடது கை கனமான தங்கச் சங்கிலிய வருடிட்டு இருக்கு, அதுல கீழ சின்னதா ஒரு மெடல் தொங்குது, அதுல உள்ள முகம் அவரோட மாணவன் அலெக்ஸாண்டர்னு பொதுவா சொல்வாங்க. என் கார்டுல அந்தப் படத்துக்கு இப்படித்தான் எழுதியிருக்கேன்: சங்கிலி தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும், ஒளி சங்கிலி மேலயும் கை மேலயும், கண்ணு ஹோமர் பக்கம், மெடல் முகம் நிழல்ல.